ஐந்தாம் படி

காலை மூன்றரைக்கே எழுந்து
ஹான்காக் மலைச்சாலையில் பனி தள்ளுகிறவள் நான்.
ஆறு சக்கர வண்டி, முன்னால் இரும்பு அலகு.
இந்த டிசம்பரில் மட்டும் தொண்ணூறு அங்குலம்.
தபால் பெட்டியை எத்தனை முறை இடித்தேன் என்று
திருமதி கர்ஹு கணக்கு வைத்திருக்கிறாள்.

அப்படிப்பட்ட நான்,
அப்படிப்பட்ட ஊர்,
இருபத்து மூன்றாம் தேதி இரவு
வரிசையில் நின்று, காசு கொடுத்து,
பனி பொழிவதைப் பார்க்கப் போகிறோம்.

அதுவும் சோப்புப் பனி.
கலிஃபோர்னியாவில், ஆகஸ்ட் வெயிலில்,
கொட்டகைக் கூரை மேலிருந்து யாரோ சலித்துவிட்டது.
உற்றுப் பார்த்தால் நாயகன் மீசையில் வியர்வை.
கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டே
குளிரைப் பற்றிப் பாடுகிறான்.
அந்த இடத்தில் எப்போதும் சிரிப்போம்.

கதையா?
கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒரு ரயில் நின்றுவிடுகிறது.
டிக்கெட் விற்பவள், டிரம்பெட்காரன்,
மாறிப்போன இரண்டு பெட்டிகள்.
எந்த ஊருக்குப் போகிற ரயில் என்று
படத்தில் யாரும் சொல்வதில்லை.
நாங்களும் கேட்டதில்லை.

எங்கள் தியேட்டர் பிரதி கிழடு.
நீலம் போய், பச்சை போய்,
சிவப்பு மட்டும் தங்கியது.
எங்களுக்குப் பனி என்றால் ரோஜா நிறம்.
அவள் கோட்டு பழுப்பு என்பார் பேக்கரி வைனோ.
கருஞ்சிவப்பு என்பாள் அவர் மனைவி ஐலி.
முப்பது வருட மணவாழ்க்கையில்
ஊரறியப் போட்ட ஒரே சண்டை அது.

அறுபத்தொன்பதில் மூன்றாம் ரீல் அறுந்தது.
ஆப்பரேட்டர் ரெய்னோ
கருகின பதினொரு ஃபிரேமை வெட்டிவிட்டு ஒட்டினார்.
அரை விநாடிகூட இல்லை.
ஆனால் ஸ்டேஷன் படிக்கட்டில் அவள் ஆடி இறங்கும்போது
நான்கிலிருந்து ஆறுக்குத் தாவிவிடுவாள்.
ஐந்தாம் படி கிடையாது.

முதலில் செய்தது யாரென்று தெரியாது.
சுரங்கத்தில் வேலை போன யாரோ என்கிறார்கள்.
அந்த இடம் வந்ததும்
அவளுக்காக ஒரு கால் தரையை மிதித்தது.
மறு வருடம் நாற்பது கால்.
அப்புறம் அரங்கு முழுக்கப் பனி பூட்ஸ்.
தம்மென்று ஒரே அடி.
பாப்கார்ன் பெட்டியின் கண்ணாடி அதிரும்.
என் மகள் நடக்கப் பழகும் முன்
இந்த மிதியைப் பழகினாள்,
என் மடியில், வெறும் சாக்ஸ் காலால்.

கணவன் விட்டுப்போன வருடமும் போனேன்.
படம் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை.
அவள் தாவினாள். நான் மிதித்தேன். அவ்வளவுதான்.

இந்த வருடம் புதுப் பிரதி.
அழுக்கு துடைத்து, கிழிசல் தைத்து, நிறம் மீட்டு,
உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் அடங்கி வந்தது.
கோட்டு பச்சை.
பச்சை!
வைனோவும் ஐலியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பனி வெள்ளை,
காலையில் நான் தள்ளிய அதே வெள்ளை.
"இது நம்ம படமே இல்லை" என்றது பின்வரிசை.

படிக்கட்டு வந்தது.
ஒன்று, இரண்டு.
எல்லோருக்கும் தெரியும், இப்போது அந்தப் படி இருக்கும்.
மூன்று. நான்கு.
மிதிப்பதா வேண்டாமா,
யாரும் பேசி வைத்திருக்கவில்லை.

மிதித்தோம்.
அவளும் மிதித்தாள்.

இத்தனை வருடம் எங்களிடம் இல்லாத
அந்த அரை விநாடியில்
அவள் குனிந்து படியைப் பார்க்கிறாள்,
வழுக்குமோ என்று.
சோப்பு அல்லவா.
ஆட்டத்தில் அது இல்லை, சிரிப்பில் அது இல்லை,
கண்ணில் மட்டும் ஒரு நொடி.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
நவம்பர் முதல் ஏப்ரல் வரை
இந்த ஊர் தன் வாசலைத் தாண்டும் பார்வை.

மேலே, வெறும் பொத்தான் பக்கத்தில்
எண்பது வயது ரெய்னோ நின்றிருந்தார்.
"இதையா வெட்டினேன்" என்றாராம்.
வேறெதுவும் சொல்லவில்லை.

வெளியே புதிதாக நான்கு அங்குலம்.
எனக்கு இனி தூக்கமில்லை.
வைனோ மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு அடியாக இறங்கினார்.
"பச்சையாம்."
"நம்பாதே" என்றாள் ஐலி.